இருட்டில் படம் எடுக்கக் கைப்பேசி போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் குனோங் ராபாட்டைச் சேர்ந்த அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சியில் வேலை செய்கிறவள் என்றால் கேமராவைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று அக்கம்பக்கத்தார் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நான் கேமராவுக்கு முன்னால் நிற்கிறவள். ஆனாலும் டிப்ளோமா படித்த காலத்தில் கொஞ்ச நாள் கேமராவுக்குப் பின்னாலும் நிற்க வைத்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

எங்கள் குனோங் ராபாட்டில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் சென்ற மாதம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். "ஏன் தங்கச்சி, மகன் நாலாயிரம் வெள்ளிக்குப் போன் கேக்கிறான். ராத்திரியில பகல் மாதிரி படம் விழுமாம். அதை வாங்கிக் குடுக்கவா, இல்ல அந்தக் காசுக்கு ஒரு கேமரா வாங்கிடலாமா?"

நான் திருப்பிக் கேட்டேன்: "அக்கா, ராத்திரியில எதைப் படம் எடுக்கப் போறீங்க?"

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடைக்காரர் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் பதில் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

கண் நம்மை ஏமாற்றுகிறது

முதலில், இருட்டு எவ்வளவு இருட்டு என்று பார்ப்போம். நண்பகல் வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 100,000 லக்ஸ். இரவில் விளக்குப் போட்ட வரவேற்பறையில் 100 அல்லது 200 லக்ஸ். ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் நம்மீது விழுவது சுமார் 1 லக்ஸ். அதாவது பூசையறையில் குத்துவிளக்கின் ஐந்து முகத்தையும் ஏற்றினாலும், எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் விழுவது ஐந்தாறு லக்ஸ்தான். வெயிலுக்கும் விளக்குக்கும் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஆனால் நமக்கு அது தெரிவதில்லை. கண் தன்னைச் சரிப்படுத்திக்கொள்கிறது. பாட்டியின் முகம் நன்றாகத் தெரிகிறதே, படமும் நன்றாகத்தான் விழும் என்று நினைத்து எடுக்கிறோம். கலங்கலாக விழுந்ததும் கருவியைத் திட்டுகிறோம்.

மங்கும் மழையும்

கேமராவானாலும் கைப்பேசியானாலும் உள்ளே வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் ஒரு சிறு தகடு இருக்கிறது. அதைச் சென்சார் என்கிறோம். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தோட்டத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

பால் வெட்டிய குடும்பங்களுக்கு மங்கு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சிறு வயதில் மங்கு துடைக்கப் போனவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். அந்த மங்குகளை வாசலில் வரிசையாக வைத்துவிட்டீர்கள், மழை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருமழை என்றால் எல்லா மங்கும் ஒரே அளவில் நிறைந்துவிடும். ஆனால் இரண்டே நிமிடம் தூறிவிட்டு நின்றுவிட்டால்? ஒரு மங்கில் நான்கு துளி விழுந்திருக்கும். பக்கத்து மங்கில் ஏழு துளி. இரண்டுக்கும் மேலே பெய்தது ஒரே மழைதான். துளி குறைவாக இருக்கும்போது கணக்கு ஏறுக்குமாறாகத்தான் வரும்.

வெளிச்சமும் துளித்துளியாகத்தான் வருகிறது. குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மணலை அள்ளித் தெளித்த மாதிரி புள்ளிகள் தெரிகின்றனவே, அது பெரும்பாலும் இந்த ஏறுக்குமாறுதான். அது கருவியின் பழுது அல்ல. வந்த வெளிச்சம் போதவில்லை என்பதற்கான சாட்சி.

துளி நிறைய வேண்டுமென்றால் மூன்று வழிகள் உண்டு. பாத்திரத்தைப் பெரிதாக வைக்கலாம். வாயை அகலமாக்கலாம். அதிக நேரம் வைத்திருக்கலாம். புகைப்படத்தில் பாத்திரம் என்பது சென்சாரின் பரப்பு. வாய் என்பது லென்ஸின் திறப்பு. நேரம் என்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரம். இந்த மூன்றைத் தவிர வேறு மந்திரம் இல்லை.

பாத்திரங்களை அளந்து பார்ப்போம்

பெரிய கேமராக்களில் இருக்கும் முழு அளவுச் சென்சார் 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம். பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி என்று சொல்லப்படும் நடுத்தர கேமராக்களில் சுமார் 366. நல்ல கைப்பேசி ஒன்றின் முதன்மைக் கேமராவில் சுமார் 70. சில ஆண்டுகளுக்கு முந்திய கைப்பேசிகளில் 24 அளவில்தான் இருந்தது. 2022-இல் சியாவ்மி நிறுவனம் 12எஸ் அல்ட்ரா என்ற கைப்பேசியில் ஓரங்குல வகைச் சென்சாரை வைத்தது. அதுவும் 116 சதுர மில்லிமீட்டர்தான்.

இதைக் கேட்டதும், "அப்படியானால் கேமராதானே கெட்டிக்காரன்?" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கேமரா வாங்கும்போது பெட்டியிலேயே சேர்ந்து வரும் 18-55 லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அகலக் காட்சியில் வைத்தால் அதன் திறப்பு பெரும்பாலும் எஃப் 3.5. கைப்பேசியின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் எஃப் 1.8. இந்த எண் சிறிதானால் திறப்பு பெரிது. கணக்குப் போட்டால், கைப்பேசியின் தகட்டில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் ஏறக்குறைய 4 மடங்கு அதிக வெளிச்சம் விழுகிறது. நடுத்தர கேமரா பரப்பில் பெற்ற 5 மடங்கு லாபம் லென்ஸில் கிட்டத்தட்டக் கரைந்துவிடுகிறது.

பல பேர் ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கேமரா வாங்கிவிட்டு, "என் போனிலேயே இதைவிட நன்றாக விழுகிறதே" என்று அலமாரியில் வைத்துப் பூட்டியதற்குக் காரணம் இதுதான். அவர்கள் பெரிய பாத்திரம் வாங்கினார்கள். வாய் மட்டும் குறுகலாக இருந்தது.

அதே கேமராவில் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டுங்கள். கண்ணாடி லென்ஸ் வகைகளில் விலை மலிவானது அது. அப்போதுதான் பெரிய பாத்திரத்துக்கு அகன்ற வாய் கிடைக்கிறது.

வாய் அகலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறேன். 1975-இல் வெளிவந்த 'பேரி லிண்டன்' என்ற ஆங்கிலப் படத்தில், இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் சில காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுத்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காகச் செய்த எஃப் 0.7 லென்ஸ். விளக்கு வெளிச்சத்தில் அசைகிற மனிதரைப் படம் பிடிப்பது அன்று அவ்வளவு பெரிய வேலை.

கைப்பேசி கற்றுக்கொண்ட வித்தை

சரி, சின்னப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு கைப்பேசி எப்படி இரவில் படம் எடுக்கிறது? மூன்றாவது வழியில், அதாவது நேரத்தில், அது ஒரு வித்தை செய்கிறது.

ஷட்டரை ஒரு விநாடி திறந்து வைத்தால் வெளிச்சம் நிறைய வரும். ஆனால் கையில் பிடித்தபடி ஒரு விநாடி ஆடாமல் நிற்க யாராலும் முடியாது. அதனால் கைப்பேசி ஒரே படமாக எடுப்பதில்லை. குறுகிய நேரப் படங்களாகப் பத்துப் பதினைந்து எடுக்கிறது. உங்கள் கை ஆடியதற்கு ஏற்ப ஒவ்வொன்றையும் நகர்த்திப் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கிறது. 16 படங்களை அடுக்கினால் அந்த மணல் புள்ளிகள் கால் பங்காகக் குறையும். இது வெறும் கணக்கு. ஏமாற்று வேலை இல்லை.

2018-இல் ஹுவாவேயின் பி20 புரோ கையில் பிடித்தபடியே சில விநாடிகள் எடுக்கும் இரவு முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் கூகள் தன் பிக்சல் கைப்பேசிகளில் 'நைட் சைட்' வசதியைத் தந்தது. கையில் பிடித்து எடுக்கும்போது அது அதிகபட்சம் 15 படங்களை, ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு விநாடி வரை எடுத்தது. 2019-இல் ஐபோன் 11-லும் இரவு முறை வந்தது. இன்று நடுத்தர விலைக் கைப்பேசிகளிலும் அது இருக்கிறது.

இந்த வித்தையை எங்கள் ஊரிலேயே சோதித்துப் பார்த்தேன். குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுக்குள் கெக் லோக் தோங் குகைக் கோயில் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம் தோட்டத்துக்கும் குளத்துக்கும் போகலாம். இரண்டு வாயிலிலும் பகல் வெளிச்சம். நடுவில் பாறைத் தொங்கல்களும் சிலைகளும் மங்கலில் நிற்கும். அங்கே என் பழைய கேமராவில் 18-55 லென்ஸோடும், கைப்பேசியின் இரவு முறையிலும் ஒரே இடத்தில் நின்று எடுத்தேன். முக்காலி இல்லை. கையில்தான்.

கைப்பேசி வென்றது. சந்தேகமே இல்லாமல் வென்றது. அந்தப் பழைய லென்ஸில் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இல்லை. கேமராப் படத்தில் பாறை இரண்டாகத் தெரிந்தது. கைப்பேசியிலோ பாறையின் மடிப்புகளும் தெரிந்தன, வாயிலுக்கு வெளியே இருந்த வானமும் வெளுத்துப் போகாமல் நின்றது. காரணம் எளிது. குகை அசைவதில்லை. சிலை மூச்சு விடுவதில்லை. அசைந்தது என் கை மட்டும்தான். அதைக் கைப்பேசி சரிசெய்துவிட்டது.

ஆகவே கோயில் மண்டபம், பழைய ஈப்போவின் கடை வீதி, மழைக்குப் பின் விளக்கு மின்னும் சாலை, இடிக்கப்படப் போகிற லயத்து வீடு, இவற்றை இரவில் எடுக்க நல்ல கைப்பேசி தாராளமாகப் போதும்.

உறுமி அடிக்கும்போது

இனி வேறோர் இடம். ஈப்போவில் தைப்பூசம் என்றால் கல்லுமலை. இரவு நேரம், தெரு விளக்கு வெளிச்சம். உறுமி மேளம் முழங்குகிறது. காவடி சுழல்கிறது.

கைப்பேசியின் இரவு முறையில் எடுத்தேன். பின்னால் நின்ற பந்தல் கூர்மையாக விழுந்தது. கட்டடம் விழுந்தது. காவடி எடுத்தவர் மட்டும் ஆவி மாதிரி விழுந்தார். மயிலிறகு இருந்த இடத்தில் பச்சைக் கறை.

ஏன்? இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், இன்றைய உரையில் பாதி புரிந்துவிடும். படத்தைக் கலங்க வைக்கும் அசைவு இரண்டு வகை. ஒன்று நம் கையின் அசைவு. மற்றொன்று எதிரில் இருப்பவரின் அசைவு. அடுக்கும் வித்தையும், லென்ஸை அசைத்து நடுக்கத்தைத் தாங்கும் வசதியும் முதல் அசைவைத்தான் குணப்படுத்தும். இரண்டாவதற்கு ஒரே மருந்து குறுகிய நேரம். சுழலும் காவடிக்கு 250-இல் ஒரு விநாடியாவது வேண்டும். அந்தக் குறுகிய நேரத்தில் போதிய வெளிச்சம் பிடிக்கப் பெரிய பாத்திரமும் அகன்ற வாயும் இருந்தே ஆக வேண்டும்.

மறுநாள் இரவு நண்பரின் கேமராவை இரவல் வாங்கி, எஃப் 1.8 லென்ஸ் மாட்டி, 250-இல் ஒரு விநாடியில், ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்தேன். படம் முழுக்கப் புள்ளிதான். ஆனால் மயிலிறகு மயிலிறகாக இருந்தது. அவர் நெற்றியில் வியர்வையும் விபூதியும் கலந்து ஓடியது தெரிந்தது. கூட்டத்தில் அவர் அம்மா கையைக் கூப்பிக்கொண்டு நின்றதும் தெரிந்தது.

பாட்டியின் கை

இதுவரை சொன்னது யார் எங்கே வெல்கிறார் என்ற கதை. அது மட்டும் என்றால் நான் இந்த மேடைக்கு வந்திருக்க வேண்டியதில்லை. என்னைக் கொஞ்சம் உலுக்கிய ஒன்றைச் சொல்கிறேன்.

என் பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கியவர். அந்த வேலையில் இருக்கும் பாட்டியின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. யாரிடம் கேமரா இருந்தது? இருந்தாலும் அந்த இருட்டில் அன்றைய பிலிமில் என்ன விழுந்திருக்கும்? எங்களிடம் இருந்த பழைய படம் ஒன்றே ஒன்று. ஈப்போவில் ஸ்டூடியோவில் பட்டுச்சேலை கட்டி விறைப்பாக உட்கார்ந்து எடுத்தது.

அதனால் பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அவர் விளக்கேற்றி உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியில் எடுத்தேன். அற்புதமாக விழுந்தது. முகம் பொன்னாக மின்னியது. குடும்பக் குழுவில் அனுப்பினேன். அத்தை, மாமா, சித்தி எல்லாரும் பாராட்டினார்கள்.

பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, இது என் கை இல்லியே. எங்கம்மா குத்திவிட்ட பச்சை எங்க?"

பாட்டியின் முன்கையில் சிறு வயதில் குத்திய பச்சை உண்டு. அவர் அம்மாவின் பெயரில் முதல் எழுத்தும், சுற்றி ஐந்து புள்ளிகளும். அறுபது எழுபது வருடத்தில் மங்கி, கிட்டே வந்து பார்த்தால்தான் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து இல்லை. புள்ளிகள் இல்லை. தோலின் சுருக்கங்கள்கூட இல்லை. அந்த இடம் மெழுகு பூசிய மாதிரி வழவழவென்று இருந்தது.

கைப்பேசி வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று பிறகுதான் யோசித்துப் புரிந்துகொண்டேன். பாட்டியின் கை லேசாக நடுங்கும். அடுக்கிய படங்களில் அந்தக் கை ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் இருந்தது. பொருந்தாத பகுதியைக் கைப்பேசி சேர்த்துக்கொள்ளாது. ஆகவே முகத்துக்குப் பத்துப் பதினைந்து படத்தின் வெளிச்சம் கிடைத்தது. கைக்கு ஒன்றிரண்டு படத்தின் வெளிச்சம்தான். அங்கே மணல் புள்ளிகள் அதிகமாகின. புள்ளிகளைத் துடைக்கும் மென்பொருள் வந்தது. அதற்கு மங்கிய பச்சைப் புள்ளி எது, வெளிச்சக் குறைவால் வந்த புள்ளி எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை பாட்டியை மறுபடியும் அதே இடத்தில் உட்கார வைத்தேன். இந்த முறை கேமரா, எஃப் 1.8 லென்ஸ். பக்கத்து அறை விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்தேன். முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டு, 60-இல் ஒரு விநாடியில் நாற்பது படம் எடுத்தேன். தேறியது மூன்று. அவற்றிலும் புள்ளி நிறைய. முகத்தில் பொன் மினுக்கு இல்லை. ஆனால் அந்த எழுத்து இருந்தது. ஐந்து புள்ளிகளும் இருந்தன.

பாட்டி பார்த்துவிட்டுச் சொன்னார்: "படம் மண்ணு மாதிரி இருக்கு. பச்சை இருக்கு."

பாட்டி அடுத்த ஆண்டு காலமானார். கருமக்கிரியைக்கு மாலை போட்டு வைக்க மாமா தேர்ந்தெடுத்தது கைப்பேசிப் படத்தைத்தான். அதில் தவறில்லை. அது அழகான படம். இன்றும் கூடத்துச் சுவரில் இருக்கிறது. கேமராப் படத்தை அம்மா சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் யாராவது, "பாட்டியோட அம்மா பேர் என்ன?" என்று கேட்டால் அம்மா எடுத்துக் காட்டுவது அந்தப் படத்தைத்தான்.

நிரப்புவது யார்?

இருட்டில் வெளிச்சம் போதாதபோது படத்தில் ஓட்டைகள் விழுகின்றன. கேமரா பெரும்பாலும் அந்த ஓட்டைகளைப் புள்ளியாகவே காட்டிவிடுகிறது. கைப்பேசி அவற்றைப் பூசி மெழுகுகிறது. சில சமயம் தன்னிடம் இருக்கும் அறிவைக் கொண்டு நிரப்பியும் விடுகிறது.

2023 மார்ச்சில் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. இணையத்தில் ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, இருட்டறையில் தள்ளி நின்று சாம்சுங் கைப்பேசியில் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் கைப்பேசிப் படத்தில் வந்தன. நிலாவை அடையாளம் கண்டு அதன் நுணுக்கங்களைச் செயற்கை நுண்ணறிவால் கூட்டுகிறோம் என்று சாம்சுங் விளக்கம் தந்தது. அந்த வசதியை நிறுத்தி வைக்கவும் முடியும் என்றது.

நிலாவுக்குப் பரவாயில்லை. நிலா எல்லாருக்கும் ஒன்றுதான். பாட்டி அப்படியா?

விளம்பரத்தையும் கொஞ்சம் எச்சரிக்கையாகப் பாருங்கள். 2012 செப்டம்பரில் நோக்கியா தன் லூமியா 920 கைப்பேசியை அறிமுகப்படுத்தியபோது, அதன் நடுக்கம் தாங்கும் வசதியைக் காட்ட ஒரு காணொளி வெளியிட்டது. அதில் ஒரு சன்னல் கண்ணாடியின் பிரதிபலிப்பில், பெரிய கேமராவோடு படப்பிடிப்புக்காரர் நிற்பது தெரிந்துவிட்டது. காணொளி அந்தக் கைப்பேசியில் எடுத்ததே அல்ல. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்தக் கைப்பேசியின் வசதி உண்மையானதுதான். காட்டிய சாட்சிதான் போலி.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை

கையில் எந்தக் கருவி இருந்தாலும் சில காரியங்களை இன்றிரவே செய்து பார்க்கலாம்.

முதலாவது, லென்ஸைத் துடையுங்கள். எண்ணெயும் வியர்வையும் படிந்த கண்ணாடிதான் விளக்கைச் சுற்றிப் புகை மண்டலம் போடுகிறது. மெல்லிய பருத்தித் துணி போதும்.

இரண்டாவது, உடம்பையே முக்காலியாக்குங்கள். முழங்கைகளை விலாவோடு சேர்த்து, தூணிலோ சுவரிலோ சாய்ந்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி எடுங்கள். பொத்தானை அழுத்தும்போதுதான் கை அதிகம் ஆடும். இரண்டு விநாடி தாமத வசதியை வைத்துக்கொண்டால் அந்த ஆட்டமும் போய்விடும்.

மூன்றாவது, கைப்பேசியில் தூரக் காட்சியை இழுக்காதீர்கள். பல கைப்பேசிகள் இருட்டில் தூர லென்ஸை விட்டுவிட்டு, முதன்மைக் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. முடிந்தால் நீங்களே இரண்டடி முன்னால் போங்கள்.

நான்காவது, பிளாஷை நேராக முகத்தில் அடிக்காதீர்கள். கைப்பேசி பிளாஷ் ஓரிரண்டு மீட்டருக்கு மேல் எட்டாது. அதற்குப் பதிலாக இன்னொரு கைப்பேசியின் விளக்கைப் பக்கத்து வெள்ளைச் சுவரின் மீது அடியுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் இதமாக விழும். கோயிலில் தீபாராதனை நேரத்தில் எந்த விளக்கும் வேண்டாம். கற்பூர வெளிச்சமே அந்தப் படத்துக்கு அழகு.

ஐந்தாவது, மனிதர்களை எடுக்கும்போது இரவு முறையில் ஒன்று, சாதாரண முறையில் ஒன்று என்று இரண்டும் எடுங்கள். இரவு முறை வேலை செய்யும் அந்த இரண்டு மூன்று விநாடிக்கு அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். அழகுபடுத்தும் வசதியை நிறுத்தி வையுங்கள்.

ஆறாவது, படத்தை உடனே பெரிதாக்கிப் பாருங்கள். மச்சம், தழும்பு, பச்சை, தாலிக்கொடி, சேலைக் கரை, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். எதிரில் ஆள் இருக்கும்போதே பார்த்தால் மறுபடி எடுக்கலாம்.

ஏழாவது, மூலப் படத்தை வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்படுகிறது. அதைச் சேமித்துவிட்டு மூலத்தை அழிக்கிற வீடுகள் ஏராளம். கோப்பாக அனுப்பினால் சுருங்காது. நல்ல படத்தைக் காகிதத்தில் அச்சிட்டும் வையுங்கள்.

அக்காவுக்குச் சொன்ன பதில்

பக்கத்து வீட்டு அக்காவிடம் மறுபடியும் வருகிறேன். எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்ற என் கேள்விக்கு, இரண்டு நாள் கழித்து அவரே வந்து பதில் சொன்னார். மகன் வருகிற தைப்பூசத்தில் முதன்முறையாகக் காவடி எடுக்கப் போகிறானாம். அவன் அப்பா இல்லை. "அவரு இருந்து பார்க்க வேண்டியது. படத்தையாச்சும் நல்லா எடுத்து வைக்கணும் தங்கச்சி" என்றார்.

நான் சொன்னேன்: "அக்கா, அவன் கையில இருக்கிற போனே வீட்டுக்கும் ஊருக்கும் போதும். அதுலயும் ராத்திரிப் படம் எடுக்கிற வசதி இருக்கு. காவடிக்கு நாலாயிரம் வெள்ளி போன் வாங்கினாலும் அது ஆடுறவனைத் தடுமாறித்தான் பிடிக்கும். அந்த ஒரு ராத்திரிக்கு ஒரு பழைய கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் போதும். வாங்கினாலும் போன் விலையில பாதிகூட ஆகாது. இரவல் கெடைச்சா இன்னும் நல்லது. ஆனா ஒண்ணு, அன்னைக்குத்தான் முதல்ல கையில எடுக்கக் கூடாது. ஒரு மாசத்துக்கு முன்னாடியே வாங்கி, தெருவில ஓடுற பிள்ளைகளை ராத்திரியில எடுத்துப் பழகணும்."

இப்போது மாலையில் எங்கள் தெருவில் அந்தப் பயிற்சிதான் நடக்கிறது. மகனின் தங்கை கேமராவைப் பிடிக்கிறாள். பந்து விளையாடும் பையன்கள் அவளுக்குக் காவடிக்காரர்கள்.

நேயர்களே, தோட்டத்தை விட்டு வந்த தலைமுறையில் பலருக்குப் பழைய படங்கள் கிடையாது. லயம் போய்விட்டது, தோட்டக் கோயில் இடம் மாறிவிட்டது, படம் மட்டும்தான் மிச்சம் என்ற நிலையில் நாம் இருக்கிறோம். இன்று கருவிக்குக் குறைவில்லை. ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர்களை அவர்கள் வாழும் வெளிச்சத்திலேயே எடுங்கள். அழகான படம் ஒன்று வேண்டும், எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு உண்மையான படம் ஒன்றும் வேண்டும். அதில் புள்ளி இருந்தால் இருக்கட்டும். எடுத்த பிறகு அவர்களிடமே காட்டி, "இது நீங்கள்தானா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.